சிறுகண் டப்பா

ஜூன் 9, திங்கள்

வெயில். எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நிழல் என்று இருப்பது ஒரு கம்பத்தின் நிழல்தான். அதிலும் எனக்கு முன்னால் மூன்று பேர்.

இன்று ஒரு மானக்கேடு. எழுதி வைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள். அம்பத்தூரில் இந்த மணல் லேபில் ஆறு வருஷமாக வேலை. மணலைச் சலிப்பது, கழுவுவது, காயவைப்பது, டப்பாவில் பேர் எழுதி ஒட்டுவது. மணலுக்குள் கண்ணுக்கே தெரியாத பொடிக்கல் ஒன்று உண்டு. மலை தேய்ந்து மணலானாலும் அது மட்டும் தேயாது. அதை எடுத்துப் பார்த்தால் மணல் எந்த மலையில் பிறந்தது என்று சொல்லிவிடலாமாம். மேடம் அதன் பேரைச் சொல்லும்போதெல்லாம் என் காதில் 'சிறுகண்' என்று விழுந்தது. சின்னக் கண் மாதிரி இருக்குமாக்கும், வந்த வழியெல்லாம் பார்த்து வைத்திருக்குமாக்கும் என்று நானும் டப்பா டப்பாவாக 'சிறுகண்' என்று எழுதி ஒட்டினேன். இன்று வெளியூர் ப்ரொபசர் ஒருவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "இது யாருங்க எழுதினது?" என்றார். அது சிர்கானாம்.

மேடம்: "எனக்கு மொதல்லயே தெரியும் மல்லிகாக்கா. மாத்த மனசு வரல."

நான்: "அப்ப ஆறு வருசமா என் பின்னால சிரிச்சிகினு இருந்தீங்களா?"

மேடம்: "முன்னாலயேதான் சிரிச்சேன். நீங்க கவனிக்கல."

ஐந்தாவது படித்தவளை லேபில் விட்டால் இப்படித்தான். டப்பாக்களை மாற்ற வேண்டாம் என்று ப்ரொபசரே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்.

அவர் கொண்டுவந்தது ராஜஸ்தான் பாலைவனத்து மணல், பதினோரு பை. அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். பாலைவனத்திலிருந்துதானே என்றேன். இல்லையாம். இமயமலையில் பிறந்து, ஆற்றோடு வந்து, கடலோரம் இறங்கி, அங்கிருந்து காற்று அள்ளிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் போட்டதாம். கிடக்கிற இடம் ஒன்று, பிறந்த இடம் ஒன்று. எங்கள் தெருவில் பாதிப் பேர் கதையும் அதுதான்.

வேலை: பை 1, 2, 3 சலித்தாயிற்று. மற்றவை நாளைக்கு.

என் வீட்டுக்காரர் போய் இன்றோடு மூன்று மாதம்.

ஜூன் 10, செவ்வாய்

சாயங்காலம் காற்று. மழை வரும் போல் காட்டிவிட்டு ஆவடிப் பக்கம் போய்விட்டது.

மாமனாருக்கு (இனி மா.) கண்ணில் புரை முற்றிவிட்டது. சோற்றுத் தட்டைத் தடவித்தான் எடுக்கிறார். ஆபரேஷனுக்கு வாங்க என்றால், "பாத்து இன்னா ஆவப்போவுது" என்கிறார். மூன்று மாதமாகத் திருநீறு இடுவதில்லை. சாமி படத்துப் பக்கம் திரும்புவதில்லை. பிள்ளை பேரைச் சொல்வதில்லை. படத்துக்கு மாலை போடக்கூட விடவில்லை. "குட்சிட்டு செத்தவனுக்கு இன்னாத்துக்கு மாலை?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சே கிடையாது.

என் வீட்டுக்காரர் டிப்பர் லாரி டிரைவர். வேலப்பன்சாவடி தாண்டி எம்-சாண்ட் யார்டு. கல்லை மிஷினில் உடைத்து மணலாக்கி, மலைபோலக் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலின் அடியில் குடித்துவிட்டுப் படுத்தார், மேலிருந்து சரிந்து மூடிவிட்டது என்று ஓனர் சொன்னார். போலீஸ் ஸ்டேஷன் பேப்பரிலும் அப்படியே: ஏழுமலை, டிரைவர், குடிபோதை. நானும் நம்பினேன். நம்பாமல்? சட்டையில் பிராந்தி வாடை. குடியை விட்டு ஒன்பது வருஷம். மறுபடி ஆரம்பித்துவிட்டார், என்னிடம் மறைத்துவிட்டார் என்று செத்த மனுஷன்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் சாமான்கள் வந்த அன்றே, காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் வருமுன், அந்தக் காக்கிச் சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டேன்.

இன்று துணி மூட்டை. பக்கத்துத் தெருவில் யாரோ கேட்டார்கள், கொடுத்துவிடலாம் என்று சட்டையை உதறினேன். பாக்கெட் தையல் ஓரத்தில் ஏதோ தட்டுப்பட்டது. தையலைப் பிரித்தேன். மணல். காலர் மடிப்பிலும் இருந்தது. எல்லாம் சேர்த்து இரண்டு ஸ்பூன்.

விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். எம்-சாண்ட் குத்தும். உடைத்த கல், உடைந்த கண்ணாடி மாதிரி. கழுவிக் கழுவி என் விரல் நுனியெல்லாம் அதுதான் கிழித்து வைத்திருக்கிறது. இது குத்தவில்லை.

மறுபடி தேய்த்தேன். குத்தவில்லை.

சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல், "மேடம், என் ஊட்டுக்காரரு மணலைக் கொஞ்சம் பாக்கணும்" என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்த யார்டு எங்கள் லேபின் கஸ்டமர். அவர்கள் எம்-சாண்டுக்கு மாதா மாதம் நாங்கள்தான் டெஸ்ட் செய்து ரிப்போர்ட் கொடுக்கிறோம். அந்த மூட்டைகளை நானேதான் கழுவுகிறேன். அவர் செத்த மாதமும் ஒரு மூட்டை வந்தது. இந்த மணல்தானே அவரை அமுக்கியது என்று திட்டிக்கொண்டே கழுவினேன். பாவம், அதன்மேல் தப்பே இல்லையோ என்னவோ.

மேடம் சொன்னது:
- எம்-சாண்டா இல்லையா என்று மைக்ராஸ்கோப்பிலேயே சொல்லலாம்.
- ஆற்று மணலா என்றும் சொல்லலாம்.
- எந்த ஆறு என்று அடித்துச் சொல்ல முடியாது. அலமாரியில் உள்ள ஆற்று மணல் பாட்டில்களோடு ஒப்பிட்டு, இது மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

"துவச்சிட்டேன் மேடம். ரெண்டு தபா."

"சோப்புக்கெல்லாம் கல்லு கரையாதுக்கா. மலையிலேருந்து இறங்கி வந்தது, உங்க கையிலயா கரையப்போகுது?"

நல்லவேளை. ஆனால் நான் துவைப்பதை மேடம் பார்த்ததில்லை.

பாதியை, ஒரு ஸ்பூனை, சலித்து, கழுவி, காயவைத்து மேடம் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். டப்பாமேல் பேர் எழுத வேண்டும். வழக்கமாக இடம், தேதி, எடை. இடம் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. காலியாக விட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மேடம் காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பைவிட்டு எழவில்லை. பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உருண்டை உருண்டையாக, முனை மழுங்கி, தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கல். முக்கால்வாசி ஒரே அளவு. இந்த மூன்று நாளில் எனக்கு அது அத்துப்படி.

பாலைவன மணல்.

மேடம்: "அக்கா, இதுல ஏதோ தப்பு இருக்கு."

நான்: "தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். டீ குடிச்சிட்டு வரேன்னு போனாரு. ராஜஸ்தான்ல டீ நல்லா இருக்கும் போல."

மேடம் சிரிக்கவில்லை. நானும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், பத்து நிமிஷம்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். மா.வும் வேண்டாம் என்றார். குழம்பு வீண்.

ஜூன் 13, வெள்ளி

மழை, விடிகாலை. கரண்ட் போய் வந்தது.

காரணம் கிடைத்துவிட்டது. காரணம் நான்தான்.

லேபில் முதல் பாடமே, ஒரு மணலைச் சலித்த சல்லடையை பிரஷ் போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண்ணில் ஒரு மணலும் மாட்டவில்லை என்றால்தான் அடுத்ததைச் சலிக்க வேண்டும். ஆறு வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை. புதிதாக வருகிறவர்களை இதற்காக நான் பண்ணிய கிண்டல் கொஞ்சமா? ஒரு பெண், "அக்கா கையால சல்லடை வாங்கறதுக்கு மாமியார் ஊட்லயே இருந்துடலாம்" என்று அழுதுகொண்டே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

புதன்கிழமை பை 6 சலித்த சல்லடையிலேயே அவருடையதையும் கொட்டியிருக்கிறேன். இன்று தூக்கிப் பார்த்தால் கம்பிக்குக் கம்பி ராஜஸ்தான்.

மேடத்திடம் போய் நின்றேன். "திட்டுங்க மேடம்."

"மீதி இருக்கா?"

"ஒரு ஸ்பூன்."

"புது சல்லடை எடுங்க. அதுக்கு மொதல்ல ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். பிறகு சலித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு. மின்விசிறியை நிறுத்தி. வேர்வை மணலில் விழக்கூடாது என்று தலையில் துண்டு கட்டிக்கொண்டு. வாழ்க்கையில் எதையும் இவ்வளவு பதமாகக் கையாண்டதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது சோறு போட்ட லட்சணம் எனக்குத் தெரியும்.

ஜூன் 14, சனி

எம்-சாண்ட் இல்லை.

இரண்டு பாட்டில்களைப் பக்கத்தில் வைத்து மேடம் காட்டினார். யார்டு மணல் கூராக, உடைந்தது உடைந்தபடி. அவர் சட்டை மணல் முனையெல்லாம் தேய்ந்தது, ஆனால் உருண்டை இல்லை. பெரிதும் சிறிதும் கலந்து கிடக்கிறது. நடுவே செங்கல் நிறத்தில் கண்ணாடி போல சின்னச் சின்னக் கல், கூடவே கறுப்புக் கல். ஆற்று மணல். யார்டு மணல் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம், நாலைந்து. மேலாக ஒட்டியது மாதிரி. தையலுக்குள் போய் உட்கார்ந்ததெல்லாம் ஆறு.

பிறகு அலமாரியில் ஒவ்வொரு ஆற்று பாட்டிலாக எடுத்து வைத்துப் பார்த்தார். கொசஸ்தலை இல்லை. ஆரணி ஆறு இல்லை. பாலாறு பாட்டிலை வைத்தார். அந்தச் சிவப்பு, அந்தக் கறுப்பு. நானும் பார்த்தேன். எனக்கு மேடம் சொல்லவே வேண்டாம்.

நான்: "அப்ப அவரு பாலாத்துலயா?"

மேடம்: "பாலாறுன்னு அடிச்சு எழுத மாட்டேன்கா. பாலாத்து மணலோட ஒத்துப்போகுதுன்னு எழுதுவேன். தையல்ல தங்கினது யார்டு மணல் இல்லன்னு அடிச்சே எழுதுவேன்."

வெள்ளைத் தாளில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிழித்தார். லேப் பேர் அச்சடித்த தாளை எடுத்து மறுபடி முதலிலிருந்து எழுதினார். கஸ்டமர் போனால் போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பூந்தமல்லி. பாஷா பாய் வீடு. என் வீட்டுக்காரருடன் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். காரியத்துக்கு வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அன்று அழுகையில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

வாசலிலேயே நின்றேன். "பாய், ஆத்துல எத்தினி பேரு இருந்தீங்க?"

பாய் கையில் டீ கிளாஸ். அதைத் தரையில் வைத்தார். "யாரு சொன்னது அண்ணி?"

"மணல் சொல்லிச்சு."

"வெளாடாத அண்ணி."

"நான் எப்ப வெளாடாம இருந்தேன். சொல்லு பாய்."

சொன்னார். நாலு பேர். யார்டு எம்-சாண்டில் கலக்கத் திருட்டுத்தனமாக ஆற்று மணல். பள்ளம் இரண்டு ஆள் உயரம். "வண்டியை எறக்காத, கரை உப்பிகினு கீதுன்னு ஏழுமலை கத்துனான் அண்ணி. கீழ நின்ன பசங்கள மேல ஏத்தி உட்டான். அவன் ஏர்ற நேரத்துல உழுந்துச்சி. கையால தோண்டுனோம். தோண்டத் தோண்ட உழுவுது."

ஆற்றில் விட்டால் கேஸ் வேறு மாதிரி ஆகும் என்று அவரை யார்டுக்குக் கொண்டுவந்து, மேலே எம்-சாண்டைக் கொட்டியிருக்கிறார்கள்.

"சட்டையில ஊத்துனது யாரு பாய்?"

உள்ளே குக்கர் விசில்.

"வாங்கியாந்தது நான்தான் அண்ணி. என்னைத்தான் அனுப்புனானுங்க, நான் தொடமாட்டேன்னு ஊருக்கே தெரியுமே, யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு. கடைல போய் இன்னா கேக்கணும்னே தெரில எனக்கு. வாழ்க்கைல மொத தபா."

"நல்ல பிராண்டா வாங்கியாந்திருக்கலாம் பாய். ரெண்டு தடவ துவைக்க வெச்சிட்ட."

பாய் அழுதார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. ஸ்டேஷனுக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "மூணு பொண்ணு கீது அண்ணி. ஓனரு ஆளுங்க இதே தெருவுலதான் கீறானுங்க."

"நீ வராத பாய். மணல் வரும்."

பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஷேர் ஆட்டோவில் மீதிச் சில்லறை வாங்காமலே இறங்கிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். தண்ணீர் லாரி வரவில்லை.

சோதனை முடிந்து மேடம் திருப்பிக் கொடுத்த மீதி: அரை ஸ்பூன் போல. சல்லடை எல்லாவற்றிலும் இறங்கிக் கடைசித் தட்டில் விழுந்த பொடி, மாவு மாதிரி. நாளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். காகிதத்தில் மடித்தால் சிந்தும், மருந்து டப்பாவில் மருந்து வாடை. சாமி படத்தடியில் திருநீறு டப்பா மூன்று மாதமாகக் காலி, யாரும் தொடுவதில்லை. கழுவி, துடைத்து, காயவைத்து, அதில் போட்டேன். மூடியில் சீட்டு ஒட்டினேன். இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இப்போது தெரியும், ஆனால் எழுத வரவில்லை. 'சிறுகண்' என்று எழுதினேன். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

மத்தியானம் மா.விடம் சொன்னேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மாமா, அவரு குடிக்கல."

துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"வாடை வரணும்னு ஊத்தி உட்டிருக்கானுங்க. யார்டுல சாவல. பாலாத்துப் பள்ளத்துல. கரை உழுந்து. ரெண்டு பசங்கள மேல ஏத்தி உட்டுட்டு இவரு மாட்டிக்கினாரு."

மா. எழுந்து உட்கார்ந்தார். கையால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இரும்பு.

"ஆத்துலயா?"

"ஆமா மாமா."

"ஏழுமலைக்கு நீச்சல் தெரியுமேம்மா."

மூன்று மாதத்தில் முதல் தடவை அந்தப் பேர் அவர் வாயில்.

"தண்ணி இல்ல மாமா. மணல்."

மா. கையை விடவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து கருகியது, வாடை வந்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பால் சட்டியைத் தேய்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என் புள்ள குடிக்கல, தெரியுமா?" என்றார். காய்கறி வண்டிக்காரனிடமும். அவன் இந்தத் தெருவுக்குப் புதுசு. "ரொம்ப நல்ல விஷயம் பெரியவரே" என்று அரைக் கட்டு கொத்தமல்லி சும்மா கொடுத்தான்.

ஜூன் 16, திங்கள்

மேகம். காற்று இல்லை.

மா. எனக்கு முன்பே எழுந்திருக்கிறார். குளித்து, துவைத்த வேட்டி. படத்துக்கு மாலை வாங்கிவரச் சொன்னார். கதம்பம் இரண்டு முழம் வாங்கிவந்து போட்டேன்.

எடுத்துக்கொள்ள வேண்டியது:
மேடம் எழுதிய தாள், ஒரு நகல்
ஸ்டேஷன் பேப்பர்
காக்கிச் சட்டை, தையல் பிரித்தபடி
ஆதார்
டப்பா
தண்ணீர் பாட்டில் (எப்படியும் உட்காரவைப்பார்கள்)

ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று தலை வாரிக்கொண்டிருந்தேன். மா. சுவரைப் பிடித்துக்கொண்டே சாமி படத்துக்குப் போனார். டப்பாவைத் தடவி எடுத்தார், மூடியைத் திறந்தார், மூன்று விரலைத் தோய்த்தார். நான் திரும்புவதற்குள் நெற்றியில் பட்டை. இடது தோள், வலது தோள். ஒரு சிட்டிகை வாயில்.

"இன்னாம்மா, தின்னூறு நறநறன்னு கீது?"

"கட மாத்திட்டேன் மாமா."

பழைய கடையிலேயே வாங்கச் சொன்னார். சரி என்றேன்.